வன்னியும் யாழ்ப்பாணமும் ஒரே பயணத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருசமும் ஆனி பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. லண்டனில் இருந்து மச்சாள், ரொறன்ரோவில் இருந்து பெரியப்பாவின் மகன், கொழும்பில் இருந்து கூடப் படித்தவர்கள். எல்லாருக்கும் விடுமுறைக்கு வடக்கே வர வேண்டும். நகரமும் பார்க்க வேண்டும், கிராமத்திலும் நாலு நாள் சுற்ற வேண்டும். நான் கிளிநொச்சியில் இருப்பதால் வன்னிக்கு நான்தான் விசாரணைக் கந்தோர். ஆளுக்கு ஆள் ஒரே பதிலைச் சொல்லி வாய் நோகிறது என்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைக்கிறேன்.

வன்னி என்றால் சரியாக எது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவுக்குத் தெற்கே உள்ள வட மாகாணப் பெருநிலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நான்கு மாவட்டங்கள். ஆனையிறவைத் தாண்டினால் பச்சிலைப்பள்ளி. அது கிளிநொச்சி மாவட்டத்துக்குள் இருந்தாலும் மண்ணும் பனையும் குடாநாட்டுச் சாயல்தான். இந்தக் கணக்கில் என்னோடு சண்டை பிடிக்க ஆட்கள் உண்டு. பயணத்துக்கு இவ்வளவு போதும்.

யாழ்ப்பாணம் போகிற வழிதானே? ஒரே நாளில் வன்னியைப் பார்த்துவிட முடியாதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். வவுனியாவில் இருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஏ9 வீதி இப்போது கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடிவிடலாம். ஓடும்போது என்ன தெரியும்? ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகள், இரண்டு பக்கமும் காடு, இடைக்கிடை இராணுவ முகாம், அப்புறம் ஒரு பெற்றோல் செட். “வன்னியில் ஒன்றும் இல்லையே” என்று சொல்லிக்கொண்டே ஆனையிறவு வந்துவிடும்.

வன்னி ஏ9 வீதியில் இல்லை. அதிலிருந்து கிழக்கேயும் மேற்கேயும் கிளை பிரியும் பாதைகளில் இருக்கிறது. மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. பரந்தனில் திரும்பினால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. மாங்குளத்துக்கு மேற்கே போனால் துணுக்காய், வவுனிக்குளம். குளம், வயல், கோயில், சந்தை, கடல் எல்லாம் அங்கேதான். அதுவும் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும்தான் அந்த இடங்களுக்கு உயிர் வரும். நடுப்பகலில் வாகனத்துக்குள் இருந்து பார்த்தால் வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே வன்னிக்கு மணித்தியாலம் ஒதுக்காதீர்கள், இரவுகளை ஒதுக்குங்கள். குறைந்தது நான்கு.

சரி, மொத்தம் எத்தனை நாள்? எந்த வரிசையில் போகலாம்?

பத்து நாள் இருந்தால் வடிவாகச் செய்யலாம். நான் ஆட்களுக்குச் சொல்லும் ஒழுங்கு இதுதான். கொழும்பில் ஒரு இரவு தூங்கி, பறந்து வந்த களைப்பைப் போக்குங்கள். அடுத்து வவுனியாவில் ஒரு இரவு. பிறகு முல்லைத்தீவில் இரண்டு, கிளிநொச்சியில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் மூன்று. திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரி வழியாக மன்னாருக்கு இறங்கி, அங்கே ஒரு இரவு தங்கி, மதவாச்சியூடாகக் கொழும்புக்குப் போங்கள். வட்டமாகச் சுற்றிய மாதிரி இருக்கும், பார்த்த மரத்தையே இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை.

இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. சென்னையில் இருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023-இல் தொடங்கியது. கப்பல் சேவை காலநிலையைப் பார்த்து நின்று நின்றுதான் ஓடும். அதை நம்பி மற்ற நாட்களை இறுக்கிப் போடாதீர்கள். இப்படி வந்தால் யாழ்ப்பாணத்தில் தொடங்கித் தெற்கே இறங்கலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுதான் பிடிக்கும், ஆனால் கொழும்பு விமானச்சீட்டு எடுத்தவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

எந்த மாதம் நல்லது?

தை நடுப்பகுதியில் இருந்து பங்குனி வரை. மாரி மழை ஓய்ந்து குளங்கள் நிரம்பி நிற்கும், காலபோக நெல் முற்றி வெட்டுத் தொடங்கும், வலசை வந்த பறவைகளும் திரும்பிப் போயிருக்காது. காலையில் கொஞ்சம் குளிரும்.

ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஆடி, ஆவணியில்தான். அந்த நேரம் வெயில் கொளுத்தும், சின்னக் குளங்கள் வற்றிப்போய் வெடித்துக் கிடக்கும், புழுதி கண்ணுக்குள் போகும். அதற்காக வராமல் விட வேண்டாம். நல்லூர்த் திருவிழா அப்போதுதான், மடு மாதா திருநாள் ஓகஸ்ட் 15-இல். ஏறக்குறைய அந்த வெயில் காலத்தில்தான் காட்டுக்குள் பாலைப்பழம் பழுக்கும். வீதியோரத்தில் குவித்து வைத்து விற்பார்கள். மஞ்சளாக, சின்னதாக, தேன் மாதிரி இனிக்கும்; நாலு தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பேச விடாது. என் மச்சாளின் மகன் அதைத்தான் இன்றுவரை “குளூ புறூட்” என்று சொல்கிறான்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. வருசத்து மழையில் பெரும்பங்கு அப்போதே கொட்டித் தீர்க்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது நினைவிருக்கும். கார்த்திகையில் வந்தால் முல்லைத்தீவுப் பக்கம் போவதற்கு முன்னர் வட்டுவாகல் பாலத்தால் போகலாமா என்று அங்குள்ள யாரிடமாவது கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இல்லாவிட்டால் மாங்குளம் பாதை.

ரயிலா, பஸ்ஸா, வானா?

மூன்றையும் கலந்து. கொழும்பில் இருந்து கிளிநொச்சி வரை ரயில். யாழ்தேவி 1956-இல் ஓடத் தொடங்கியது. 1990-இல் யாழ்ப்பாணச் சேவை நின்றுபோய், 2013-இல் கிளிநொச்சிக்கும் 2014-இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. அந்த 24 வருசத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் தண்டவாளத்தையே பார்த்ததில்லை. முதல் ரயில் வந்த அன்று கிளிநொச்சி நிலையத்தில் வயதானவர்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆசனப் பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும் என்பதால் நாள் முடிவானதும் முதலில் செய்ய வேண்டிய வேலை அது.

முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. கிளிநொச்சியில் அல்லது வவுனியாவில் இறங்கி, வன்னிக்குள் சுற்றும் நாட்களுக்கு மட்டும் வான் பிடியுங்கள். பஸ் இருக்கிறது, அரசாங்கத்தின் இ.போ.ச.வும் தனியாரும் ஓடுகிறது. ஆனால் உள்வீதிகளில் பின்னேரத்தோடு பஸ் குறைந்துவிடும், குளக்கட்டில் சூரியன் இறங்கும்வரை நிற்க முடியாது.

வான் பேசும்போது மூன்று விசயம் கேளுங்கள். ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், அதற்கு மேல் போனால் எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு. போன வருசம் என் உறவுக்காரர் கொழும்பில் ஒரு இடத்தில் வான் பேசி வந்தார். சாரதி நல்ல பிள்ளை, ஆனால் மாங்குளத்துக்குக் கிழக்கே ஒருநாளும் போனதில்லை. “அங்கால றோட்டு இல்லை சேர்” என்று சாதித்துவிட்டான். கார்ப்பெட் வீதி கிடக்கிறது, அவனுக்குத் தெரியாது. இங்கேயே ஆள் பிடிப்பது நல்லது.

தானே ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கவனம்: வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது. இலங்கையில் அதற்கான அங்கீகாரத்தை முதலே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முறிகண்டியில் ஏன் எல்லா வாகனமும் நிற்கிறது?

பிள்ளையார். ஏ9 வீதி ஓரத்தில் ஒரு சின்னக் கோயில். லொறி, பஸ், கார் எதுவானாலும் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சாரதி வாகனத்தை எடுப்பார். சைவர் அல்லாதவர்களும் நிற்பார்கள், ஒரு கால் கழுவல், ஒரு தேத்தண்ணி என்று.

கோயிலைச் சுற்றிக் கச்சான் (நிலக்கடலை) கடைகள். இரும்புச் சட்டியில் மணல் சுட்டு, அதற்குள் கோதோடு கச்சானைப் போட்டு அகப்பையால் கிளறுவார்கள். சர் சர் என்று ஒரு சத்தம். அம்மா ஒருத்தி “ஒண்டு தின்று பாருங்கோ பிள்ளை” என்று கையில் சூடாக வைப்பார். தின்ற பிறகு வாங்காமல் நகர்ந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் இரண்டு பை சேர்த்து வாங்குங்கள். முறிகண்டிக் கச்சான் இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் “வெறுங்கையோடயா வந்தனி?” என்று கேட்பார்கள்.

குளம் என்கிறீர்கள். தண்ணீரைத் தவிர அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இரணைமடுவுக்குக் காலை ஐந்தரைக்குப் போங்கள், பிறகு கேளுங்கள். கனகராயன் ஆற்றை மறித்து, 1902-இல் தொடங்கி ஏறக்குறைய இருபது வருசம் கட்டிய குளம். வடக்கிலேயே பெரியது. இரண்டு மடுக்களை ஒன்றாக்கியதால்தான் அந்தப் பெயர். குளக்கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் வாய்க்காலும் வயலும். வெளிச்சம் வரும்போது வள்ளங்கள் கரைக்கு வரும். வலையில் இருந்து ஜப்பான் மீனையும் (திலாப்பியா) விராலையும் கழற்றும்போதே விலை பேசி முடிந்துவிடும். தராசு எல்லாம் பெயருக்குத்தான். சைக்கிள் பெட்டியில் மீனைக் கட்டிக்கொண்டு வியாபாரி போன ஐந்து நிமிசத்தில் குளக்கட்டில் கொக்கும் நாயும்தான் மிச்சம். ஆறரைக்குப் போனால் இதெல்லாம் இல்லை.

நேரம் இருந்தால் முத்தையன்கட்டுக்கும் போங்கள். காடு சூழ்ந்த குளம், இரணைமடுவைவிட அமைதி. வவுனிக்குளம் பழங்காலத்துக் குளம், பாலியாற்றில். அலைகரையில் மாடு மேய்கிற மாலை நேரத்துக்கு அது நல்லது. மூன்றையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள், மூன்றாவது குளத்தில் பிள்ளைகள் வானை விட்டு இறங்க மாட்டார்கள்.

சரித்திரம் தெரிந்துகொள்ள எங்கே போகலாம்?

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே வருசம் ஒக்ரோபர் 31-இல் கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் அவனைத் தோற்கடித்த இடம் இது. அதைக் குறிக்கும் நடுகல் தோற்கடித்தவனின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. வென்ற பக்கம் எழுதிய கல். தோற்றவனுக்குச் சிலை வைத்தது நாங்கள், வவுனியா நகரில். இரண்டையும் ஒரே பயணத்தில் காட்டினால் பிள்ளைகளுக்கு வேறு பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரர் கோயிலும் இருக்கிறது, அதே வழியில்.

மிதிவெடி இன்னும் இருக்கிறதா? பயமில்லையா?

சனம் இருக்கும் ஊர்கள், வீதிகள், வயல்கள், கோயில்கள் எல்லாம் துப்புரவாக்கி வருசக்கணக்காகிவிட்டது. ஆனால் வேலை முழுதாக முடியவில்லை; முகமாலைப் பக்கம் அதிகம் கிடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்குள் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். நீண்ட ஓட்டத்தில் “அந்தப் பற்றைக்குள் போய்விட்டு வாறன்” என்று இறங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த சந்தி வரை அடக்குங்கள்.

முள்ளிவாய்க்காலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது: சுற்றுலாப் பட்டியலில் இதைச் சேர்க்காதீர்கள், தனியாக ஒரு காலையை வையுங்கள். அதே நாளில் கடற்கரையில் குளித்து இறால் பொரியலோடு முடிக்க வேண்டாம். போகும் முன்னர் வீட்டில் இருந்து பேசிவிட்டுப் போங்கள், 2009 மே மாதம் அந்த ஒடுங்கிய கரையில் எத்தனை ஆயிரம் சனம் இருந்தது, என்ன நடந்தது என்று. அங்கே போய் நின்றால் பார்க்க அதிகம் இல்லை. மணல், பனை, நந்திக்கடல் ஒரு பக்கம், பெருங்கடல் மறுபக்கம். காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கும்.

மே 18-ஐ ஒட்டி வந்தால் வீதியோரத்தில் உப்புக்கஞ்சி கொடுப்பார்கள். அன்று தின்ன வேறொன்றும் இருக்கவில்லை என்பதன் நினைவு அது. கையில் தந்தால் குடியுங்கள். அழுகிறவர்களைப் படம் எடுக்க வேண்டாம். இராணுவ முகாம்களையும் படம் எடுக்க வேண்டாம், அது வேறு காரணத்துக்கு.

இரவில் ஓடலாமா?

ஏ9-இல் ஓடலாம். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் நெடுங்கேணிப் பக்கமும் வேண்டாம். யானை. ஒரு முறை முள்ளியவளையில் ஒரு கலியாண வீட்டில் பிந்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தேன். ஒட்டுசுட்டான் கடந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு லொறி லைட்டை அணைத்துவிட்டு நடுவீதியில் நின்றது. பழுது என்று நினைத்து முந்தப் போனேன். சாரதி கண்ணாடியை இறக்கி ஒன்றும் பேசாமல் கையை மட்டும் காட்டினார். வீதியின் கறுப்பில் ஒரு பகுதி மெல்ல அசைந்தது. முக்கால் மணித்தியாலம் அந்த லொறியின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்குள் தங்குமிடத்துக்கு வந்துவிடுங்கள்.

எங்கே தங்குவது? சாப்பாடு?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்களில் ஏசி அறையுள்ள விடுதிகள் இருக்கின்றன. நகரத்தில் படுத்து, விடியற்காலையில் கிராமத்துக்குப் போய், பத்து மணி வெயிலுக்குத் திரும்பி, பின்னேரம் மறுபடி வெளிக்கிடுவதுதான் வன்னியில் சுகமான முறை. காசு இயந்திரமும் மருந்துக்கடையும் நகரத்தில்தான். காட்டு வழியில் போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே வழிப்படத்தை முதலே இறக்கி வையுங்கள். போத்தல் தண்ணீர் குடியுங்கள். எங்கள் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் கல்லுத் தண்ணீர், உங்கள் வயிறு பழகவில்லை.

கொத்து ரொட்டி எங்கேயும் கிடைக்கும், அதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. இங்கே தின்ன வேண்டியது குளத்து மீன் குழம்பு, நந்திக்கடல் இறால், மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழக் கூடாது, விழுந்தால் வாங்காதீர்கள். மரை, மான் இறைச்சி இருக்கிறது என்று யாராவது காதோடு சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டப்படி குற்றம், காட்டில் மிஞ்சி இருப்பதும் கொஞ்சம்.

பறவை பார்க்க?

சுண்டிக்குளம். 1938-இல் பறவைகள் சரணாலயம், 2015-இல் தேசிய பூங்காவானது. மாரிக்குப் பின்னர் பூநாரைகள் வரும் வருசங்களில் களப்பு இளஞ்சிவப்பாக இருக்கும். மணல் பாதை, தாழ்ந்த கார் புதையும். மன்னார்ப் பக்கம் வங்காலை இன்னும் சுலபம், வீதியில் நின்றே பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு மூன்று நாள் போதுமா?

கோட்டை, நூலகம், நல்லூர், ஒரு நாள் தீவுப்பக்கம் என்றால் போதும். நூலகத்துக்குள் ஆறுதலாகப் போங்கள். 1981-இல் எரிந்தது ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். இன்றைய வெள்ளைக் கட்டடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனதுக்கு ஒரு ஆறுதல். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், வெட்கப்படாதீர்கள். நகருக்குள் வான் வேண்டாம், அதற்கு அந்த மூன்று நாளும் விடுமுறை கொடுங்கள். சைக்கிளும் ஓட்டோவும் காணும். வன்னிக்குப் பிறகு இங்கே வந்தால் சத்தமும் ஐஸ்கிறீமும் பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருக்கும். அதனால்தான் நகரத்தைப் பின்னுக்கு வைத்தேன்.

திரும்பும் வழியில் மன்னாரில் என்ன?

சங்குப்பிட்டிப் பாலம் 2011-இல் வந்தது. அதற்கு முன்னர் அங்கே ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றிக் கடந்தார்கள். உங்கள் அப்பாவிடம் கேட்டால் ஒரு கதை வைத்திருப்பார். பூநகரியில் சின்னதாக ஒரு பழைய கோட்டை. பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட வீதி. எண்ணெய் நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். மன்னாருக்கு முன்னர் திருக்கேதீச்சரம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பக்கத்தில் பாலாவித் தீர்த்தம். மன்னாரில் பெருக்கமரம் (பாவோபாப்), கோட்டை, வீதியில் சொந்தக்காரர் மாதிரி நிற்கும் கழுதைகள். அடுத்த நாள் மதவாச்சி வீதியில் போகும்போது மடுவுக்கு உள்ளே திரும்புங்கள். திருநாள் இல்லாத நாளில் அந்தக் காட்டுக் கோயிலின் அமைதி தனி. சைவக் குடும்பங்களும் நேர்த்தி வைத்து வரும் இடம்.

கோயில் பொங்கல் ஒன்றுக்கு நாள் பார்த்து வரலாமா?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல். கடல் நீரில் விளக்கு எரியும் என்று சனம் நம்பும் கோயில். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரத்தில். இரண்டிலும் சனம் இரவிரவாக நிற்கும். அந்த நாட்களில் அறை கிடைக்காது, முதலே சொல்லி வையுங்கள்.

ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு முதலே சொல்லிவிட்டுப் போவதா, சும்மா போவதா?

முதல் நாள் சொன்னால் அவர்கள் கடன்பட்டாவது சமைப்பார்கள். சொல்லாமல் போனால் வீட்டுக் கோழி ஒன்று உங்கள் கண்முன்னே ஓடும், பின்னால் ஒரு பொடியன் ஓடுவான். நான் கண்டுபிடித்த நடுவழி: பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள், “இப்பதான் சாப்பிட்டனாங்கள், பிளேன்டீ காணும்” என்று வாசலிலேயே சொல்லுங்கள். அரிசிப் பையும் சீனியும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் கொண்டுபோங்கள், சொக்லேற் வெயிலில் உருகிவிடும். பிளேன்டீயோடு எப்படியும் முறுக்கு வரும். முறுக்கு முடிவதற்குள் கோழி ஓடுகிற சத்தம் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.